பைலகுப்பேயில் ஓர் இரண்டாம் சனி

வங்கித் தேர்வு எழுதிய எவரும் அந்த வரியைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். தேர்வு அறிவிப்பில் தேசியம் என்று ஒரு பத்தி இருக்கும். இந்தியக் குடிமகன், நேபாளப் பிரஜை, பூட்டான் பிரஜை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்தபடியாக, 1962 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பு நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தோடு இந்தியாவுக்கு வந்த திபெத்திய அகதி என்று போட்டிருக்கும். கோயம்புத்தூரில் கோச்சிங் வகுப்புக்குப் போன காலத்தில் நானும் வாசித்திருக்கிறேன். நமக்குச் சம்பந்தமில்லாத வரி என்று கண் தானாகக் கீழே இறங்கிவிடும்.

மைசூரிலிருந்து, திபெத்தியர்கள் குடியிருக்கும் பைலகுப்பேக்குப் போகிற வழியில், வேனுக்குள் அந்தப் பேச்சு வந்தது. எடுத்தவர் எங்கள் கிளையில் விவசாயக் கடன் பார்க்கும் அதிகாரி. ஹாசன் பக்கத்துப் பெண். வயதில் எங்கள் எல்லோருக்கும் இளையவர், கணக்கில் கெட்டி.

"மேடம், 1962-க்கு முந்தி வந்தவங்கன்னா, கைக்குழந்தையா வந்திருந்தாலும் இப்ப அறுபது தாண்டியிருக்கும். பி.ஓ. எக்ஸாமுக்கு வயசு வரம்பு 30. நமக்கு ரிடையர்மென்ட்டே 60. அப்ப இந்த ரூல்ல யாரு அப்ளை பண்றது?"

முன் சீட்டிலிருந்த மேலாளர் திரும்பாமலே, "ரூலுக்கு வயசாகாதும்மா" என்றார்.

மைசூர்ப் பக்கம் அலுவலகச் சுற்றுலாவுக்கு என்று ஓர் அச்சு இருக்கிறது. காலையில் துபாரே யானை முகாம், அப்புறம் பொற்கோயில், காவேரி நிசர்கதாமா, குஷால்நகரில் காப்பிப்பொடி, வீடு. பொற்கோயிலுக்கு அதில் முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். நான் போட்ட நிபந்தனை, திபெத்தியர்களின் ஊருக்குள்ளும் சேரா மடத்துக்கும் போக வேண்டும் என்பது. மேலாளர் மண்டியாக்காரர், விவசாயக் குடும்பம். அவருக்கு யானையும் வேண்டும், காப்பிப்பொடியும் வேண்டும். தலைமைக் காசாளர் ராமநாதபுரத்து அண்ணன். எங்கே போனாலும் மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்று சொல்லி வேனில் ஏறிவிட்டார். யானைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்கவில்லை என்பதால் என் பக்கம் கொஞ்சம் பலம் கூடியது.

ஹுன்சூர் தாண்டியதும் சாலையோரம் உயரமான ஓட்டுக் கூரைக் கொட்டகைகள் தென்படத் தொடங்குகின்றன. புகையிலை பதப்படுத்தும் சூளைகள். ஹுன்சூரும் பிரியாபட்டணமும் வர்ஜீனியா புகையிலைக்குப் பேர்போன தாலுகாக்கள். எங்கள் விவசாய அதிகாரி அந்தக் கூரைகளை எண்ணியே ஒரு கிராமத்தின் கடன் வாங்கும் சக்தியைச் சொல்லிவிடுவார். பிரியாபட்டணத்துக்கு அப்பால் புகையிலை குறைந்து மக்காச்சோளம் வருகிறது. அதற்குச் சற்று நேரத்தில் மரத்துக்கு மரம் கொடிகள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற அதே வரிசையில்தான் அவற்றைக் கட்டுவார்கள். ஆகாயம், காற்று, நெருப்பு, நீர், நிலம். மைசூரிலிருந்து மேற்கே 80 கிலோமீட்டர் சுமாருக்கு, காவிரிப் பாலத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கொப்பாவில் இடது பக்கம் திரும்ப வேண்டும்.

பொற்கோயிலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசை இல்லை. அதைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. நம்ட்ரோலிங் மடத்துக்குள் இருக்கிறது. உள்ளே தங்க முலாம் பூசிய மூன்று சிலைகள். நடுவில் 60 அடி புத்தர், இருபுறமும் 58 அடியில் பத்மசம்பவரும் அமிதாயுஸும். 1999-இல் தலாய் லாமா திறந்துவைத்தார். நாங்கள் போன நேரத்தில் கும்பல், செல்ஃபி, ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலாவின் விசில். சிலைகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் கீழே பார்த்தேன். அங்கேதான் எனக்குப் பிடித்தது இருந்தது. துறவிகள் உட்காரும் தாழ்வான திண்டுகளில், காலை வழிபாடு முடிந்து எழுந்து போனவர்கள் தங்கள் கனத்த மேலங்கிகளை மடிக்காமல் அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கழுத்தும் தலையும் மட்டும் இல்லை. மற்றபடி வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பதுதான். முன்னால் சின்ன மேசைகளில் தைக்காத நீளத் தாள்களாக ஏடுகள், துணியில் சுற்றி.

இந்த மடத்தை 1963-இல் தொடங்கியவர் பெனோர் ரின்போச்சே. கிழக்குத் திபெத்திலிருந்து கிளம்பியபோது அவருடன் வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர் என்றும், இந்தியாவுக்குள் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் 30 பேர் சுமார் என்றும் மடத்தின் வரலாறு சொல்கிறது. முதலில் கட்டியது ஒரு மூங்கில் கொட்டகை. அவரே கல் சுமந்திருக்கிறார். அதே பெனோர் ரின்போச்சேதான் 1997-இல் ஹாலிவுட் அடிதடி நடிகர் ஸ்டீவன் சீகலை ஒரு பழைய லாமாவின் மறுபிறவி என்று அறிவித்து உலகத்தையே விழிக்கவைத்தவர். அண்ணனுக்கு இந்தச் செய்தி சிலைகளைவிடப் பிடித்திருந்தது. அன்று முழுக்க யார் கோபப்பட்டாலும், "பார்த்து, மறுபிறவியா இருக்கப்போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எதிரே கடை வளாகத்தில் மோமோவும் துக்பாவும் சாப்பிட்டோம். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரை மேலாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, பெரியவர்கள் முன்னால் செய்கிற மாதிரி, முகத்தை மாற்றாமல் முழுக்கக் குடித்து முடித்தார். கல்லாவுக்கு மேலே தலாய் லாமா படத்துக்குப் பக்கத்தில் கன்னம் சிவந்த ஒரு சிறுவனின் படம் மாட்டியிருந்தது. பஞ்சன் லாமா என்று 1995 மே மாதம் தலாய் லாமா அறிவித்த, அடுத்த சில நாட்களிலேயே சீன அதிகாரிகள் கொண்டுபோய்விட்ட ஆறு வயதுப் பையன். அதற்குப் பிறகு வெளியுலகம் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய மடமான தஷி லுன்போவும் 1972 முதல் இதே பைலகுப்பேயில் இயங்குகிறது, தலைவர் இல்லாமல்.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள் போனோம். ஆட்டோக்காரர்கள் இந்த ஊர்களை எண்ணிட்டுத்தான் சொல்கிறார்கள், ஃபர்ஸ்ட் கேம்ப், செகண்ட் கேம்ப் என்று. வேலியும் இல்லை, வாசலும் இல்லை. சாதாரண மலையோரக் கர்நாடகக் கிராமம்தான். வீட்டுக்கு முன்னால் கொடிக் கம்பமும், மொட்டை மாடியில் காயும் மக்காச்சோளமும் கூடுதல். ஆனால் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு. தெருவில் இளவட்டம் யாரும் கண்ணில் படவில்லை.

ஒரு வீட்டு முற்றத்தில் வயதான அம்மா ஒருவர் கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தார். உடுப்புக்கு முன்னால் கட்டிய கோடுபோட்ட ஏப்ரன், கழுத்தில் பவழம், காலில் நம் ஊர் ரப்பர் செருப்பு. மேலாளர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வெயில் வேணும்மா. ஈரம் 14-க்குக் கீழ வரணும்."

"மூணு வெயில்" என்றார் அந்த அம்மா, அச்சு அசல் பிரியாபட்டணத்துக் கன்னடத்தில். "நேத்து ராத்திரி பனி."

அவ்வளவுதான், உள்ளே உட்காரச் சொல்லிவிட்டார்.

பெற்றோரோடு மலையைத் தாண்டும்போது அவருக்குப் பத்து வயதுகூட இல்லை. 1959 மார்ச்சில் தலாய் லாமா எல்லை தாண்டினார். அவர் பின்னால் 80,000 பேர் அளவில் வந்தார்கள். வந்தவர்களை எங்கே வைப்பது என்று தெரியாத அரசாங்கம் முதலில் இமயமலைச் சாலை வேலைக்கு அனுப்பியது. இந்த அம்மாவின் அப்பாவும் அம்மாவும் குலு பக்கம் பாறை உடைத்தார்கள். சாலையிலேயே கூடாரம், சாலையிலேயே பிரசவம், சாலையிலேயே சாவு. நேரு மாநிலங்களுக்கு எழுதி நிலம் கேட்டார். முன்வந்த மாநிலங்களில் மைசூருக்கு முதலிடம். ஏறக்குறைய 3,000 பேரைக் குடியமர்த்த 3,000 ஏக்கர் என்ற கணக்கில் பைலகுப்பேயில் காட்டைக் கொடுத்தது. 1960-61-இல் உருவான அந்த முதல் குடியிருப்புக்கு லுக்சுங் சம்டுப்லிங் என்று பெயர். 1969-இல் வந்தது டிக்கி லார்சோ. உள்ளூரில் பழைய கேம்ப், புது கேம்ப். மைசூர் முதல்வராக இருந்த நிஜலிங்கப்பாவின் பெயரைத் தலாய் லாமா இங்கே வரும்போதெல்லாம் நன்றியோடு சொல்வார்.

காடு என்றால் நிஜமான காடு. பகலில் மரம் வெட்டுவது, இரவில் தகர டின்னைத் தட்டி யானையை விரட்டுவது. குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதல் கோடையே பலி கேட்டது. "எங்கப்பா வேட்டி கட்டப் பழகினாரு. எங்கம்மா பழகாமயே போயிட்டாங்க" என்றார். அதை வருத்தமாகவும் சொல்லவில்லை. விதை விலை சொல்கிற அதே குரல்.

எங்களோடு வந்த விவசாய அதிகாரி இதற்குள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொழில் புத்தியோடு, "நெலம் யார் பேர்ல இருக்கும்மா?" என்று கேட்டார்.

"அரசாங்கத்து நெலம். எங்களுக்குக் குத்தகை."

நிலத்தில் அறுபது வருடத்துக்கு மேல் உழுதாயிற்று; பட்டா இல்லை, பத்திரம் இல்லை, வில்லங்கச் சான்று எடுக்க வழியில்லை. வங்கிக்காரர்கள் பார்வையில் அந்த வயலுக்கு அடமான மதிப்பு பூஜ்யம். 2014-இல் மத்திய அரசு கொண்டுவந்த திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை குத்தகையை ஒழுங்குபடுத்தச் சொன்னது, வங்கிக் கடன் கொடுக்கலாம் என்றும் சொன்னது. கொடுக்கலாம் என்பதற்கும் கொடுப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் கிளையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும். இந்த அம்மாவின் நிலத்தில் இப்போது விவசாயம் செய்வது பக்கத்துக் கிராமத்துக் குடும்பம், வாரத்துக்கு. முற்றத்தில் காய்வது இவர் பங்கு.

திபெத்தியர்களைக் குடியமர்த்தும் வேலைக்காக 1968-இல் மைசூரில் ஓர் அமைப்பு தொடங்கினார்கள், மைராடா என்று. பிறகு அது திபெத்தியர்களைத் தாண்டி ஏழை விவசாயிகள் பக்கம் திரும்பி, பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்துச் சேமிக்க வைத்து, ஒருவருக்கொருவர் ஜாமீனாக்கிக் கடன் கொடுக்கும் முறையை வளர்த்தது. நபார்டு 1992-இல் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தபோது அந்த அனுபவம்தான் முக்கியமான அடித்தளங்களில் ஒன்று. மாதக் கடைசியில் இலக்கு முடிக்க நாங்கள் ஓடி ஓடிப் போடும் குழுக் கடன்களின் பாட்டி வீடு இந்தப் பக்கம்தான் என்று விவசாய அதிகாரி சொன்னபோது, பாட்டி வீட்டில் மட்டும் நம் கடன் ஒன்றுகூட இல்லையே என்று மேலாளர் கணக்குக் கேட்டார்.

பூட்டிய வீடுகளைப் பற்றி விசாரித்தோம். ஸ்வெட்டர் சீசன். அக்டோபரில் கிளம்பினால் பொங்கலை ஒட்டித்தான் திரும்புவார்கள். அந்த அம்மாவின் மகளும் மருமகனும் எங்கள் கோயம்புத்தூரிலேயே கடை போட்டிருக்கிறார்களாம். வாடகை நிலத்தில் கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, வரிசையாகக் கம்பளிச் சட்டைகள் தொங்கும் அந்தக் கடைகளை எனக்குத் தெரியும். ஊரில் நேபாளிக் கடை என்பார்கள். நடுத்தெருவில் பேரம் பேசிக் கால்வாசி விலைக்குக் கேட்டாலும் முகம் சுளிக்காத பெண்கள். விற்கும் சரக்கு திபெத்தில் பின்னியது என்று நாம் நினைத்துக்கொள்வோம். அது லூதியானா ஆலைகளில் தயாரானது.

எங்கள் காதை நிமிர வைத்தது அதற்குப் பிறகு அவர் சொன்னது. லூதியானா மொத்த வியாபாரிகள் லட்சக்கணக்கில் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சீசன் முடிந்து வந்து அடைத்தால் போதும். அடமானம் கிடையாது.

"ஜாமீன்?" என்றார் மேலாளர்.

"எதுக்கு?"

"யாராவது பணம் கட்டாம விட்டுட்டா?"

"அடுத்த வருஷம் சரக்கு வேணுமே" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல. பெயரையும் தொகையையும் லாலா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாராம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே குடும்பத்து நோட்டு.

மேலாளர் வாராக்கடன் ஆய்வுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் போய் வந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தேன்.

மகன் டொரன்டோவில். பேரப்பிள்ளைகள் வீடியோவில் வருகிறார்கள். திபெத்திய மொழியில் பேசச் சொன்னால் ஆங்கிலத்தில் சிரிக்கிறார்கள் என்றார். பைலகுப்பேயின் இளைய தலைமுறை இப்படித்தான் நகர்கிறது. டொரன்டோவின் பார்க்டேல், நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ். இங்கே பிறந்தவர்களும் வெளிநாட்டவராகப் பதிவுச் சான்று எடுத்துக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். வெளிநாடு போக இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. மஞ்சள் அட்டை போட்ட அடையாளப் புத்தகம். அதைப் பார்த்து விமான நிலையங்கள் முழிக்கும். சட்டத்தைப் படித்தால் நிலைமை வேறு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். திபெத்தியர்களுக்கும் அது பொருந்தும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. ஆனால் 2017-இல் பாஸ்போர்ட் கேட்டவர்களுக்கு வைத்த நிபந்தனைகளில், குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. குடிமகனாகு, வீட்டைக் காலி செய் என்றால் எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? போதாததற்கு, குடியுரிமை வாங்கினால் திபெத் மீதான உரிமையை விட்டுக்கொடுத்ததாகும் என்று நினைக்கும் பெரியவர்களும் உண்டு. இந்த அம்மா அந்தக் கட்சி. பேத்திக்குக் கனடா பாஸ்போர்ட் கிடைத்ததில் மட்டும் அவருக்கு மகிழ்ச்சி.

வெளியே வந்ததும் அண்ணன் பேசினார். அந்த வீட்டுக்குள் வாயைத் திறக்காதவர்.

"மேடம், எங்க ஊரு மண்டபத்துக்குப் பக்கம். கேம்ப்புன்னா என்னன்னு பார்த்து வளர்ந்தவன் நான். பத்துக்குப் பத்து ரூம். ராத்திரிக்குள்ள திரும்பணும். தலை எண்ணுற அன்னைக்கு ஆள் இல்லைன்னா பணம் கிடையாது. என்கூடப் படிச்ச பையன், என்னைவிட நல்லாப் படிப்பான். பெயின்ட் அடிக்கப் போயிட்டான். இவங்களுக்கு ஏக்கர் கணக்குல நெலம், தனிப் பள்ளிக்கூடம். நான் பொறாமைல சொல்லல."

பொறாமை இல்லைதான், கணக்கு. திபெத்தியப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி நிர்வாகத்தை நேரு அரசு 1961-இலேயே அமைத்துவிட்டது. 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்களில் 58,000 பேர் அளவில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். உழ நிலம் என்ற பேச்சே அவர்கள் விஷயத்தில் எழவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போவார்கள் என்றுதான் இரு தரப்பிலும் அரசு நினைத்தது. ஒரு தரப்புக்கு, போகும்வரை பிழைக்கட்டும் என்று நிலத்தைக் கொடுத்தது. இன்னொரு தரப்புக்கு, பிழைக்க வழி கொடுத்தால் போகமாட்டார்கள் என்று பயந்தது. 1991-க்குப் பிறகு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சொந்தமாகவும் ஓர் அகதிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் யார் எந்த வருடம் எந்த ஆட்சியில் எந்த எல்லையைத் தாண்டினார்கள் என்பதே விதியாகிவிடுகிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தத்தில் இரண்டு பேருக்குமே இடமில்லை. திபெத்தியர்களுக்கு அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மைசூர் அரசு ஓர் உதாரணம் வைத்திருந்தும், இருபது வருடம் கழித்து அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். மண்டபம் முகாமே முதலில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றி அனுப்பும் முன் அடைத்துவைத்த இடம். போகும்போதும் அங்கே, வரும்போதும் அங்கே.

சேராவுக்குப் போய்ச் சேரும்போது மாலை நாலரை. லாசாவுக்கு அருகில் 1419-இல் தொடங்கிய மடம் அது. 1959-க்குப் பிறகு தப்பி வந்த துறவிகளை வங்காளத்தில் பக்சா கோட்டையில் வைத்தார்கள். வெள்ளைக்காரன் நம் விடுதலைப் போராளிகளை அடைத்த அதே கோட்டை. காச நோயில் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மனப்பாடம் செய்ததை ஒருவருக்கொருவர் ஒப்பித்துப் பத்து வருடம் போலக் காலம் தள்ளி, 1970 வாக்கில் பைலகுப்பேக்கு வந்து, பகலில் காடு வெட்டி இரவில் பாடம் படித்தார்கள். இன்று அது ஆயிரக்கணக்கான துறவிகள் படிக்கும் பல்கலைக்கழகம். கெஷே பட்டம் வாங்க இருபது வருடம் பிடிக்கும்.

முற்றத்தில் தர்க்கம் நடந்துகொண்டிருந்தது. தூரத்தில் கேட்டபோது ஏதோ கைகலப்பு என்றே அண்ணன் நினைத்தார். ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார். அவர் பதில் சொல்பவர். கேட்பவர் நின்றுகொண்டு, இடது உள்ளங்கையை முன்னால் நீட்டி, வலது கையைத் தலைக்கு மேல் ஓங்கி, ஒரு காலைத் தூக்கி, கேள்வி முடியும் சரியான நொடியில் காலை மிதித்துக் கையைத் தட்டுவார். பிறகு ஜபமாலையை முழங்கைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த கேள்வி. உட்கார்ந்திருப்பவருக்கு நீளமாக விளக்க உரிமை இல்லை. ஒப்புக்கொள்கிறேன், காரணம் நிறுவப்படவில்லை, வியாப்தி இல்லை என்று சில பதில்கள்தான். தடுமாறினால் சுற்றியிருப்பவர்கள் கூச்சல் போடுகிறார்கள். நூறு ஜோடிகள் ஒரே முற்றத்தில்.

எங்களைப் பார்த்து ஓர் இளம் துறவி வந்தார். தவாங் பக்கத்துக்காரர், இந்தி பேசினார். சிறுவர்களுக்கு முதல் பாடம் நிறங்கள் என்றார். வெள்ளைக் குதிரை வெள்ளையா?

"வெள்ளைதானே" என்றார் அண்ணன்.

"வெள்ளை ஒரு நிறம். குதிரை நிறமா?"

"இல்ல."

"அப்படின்னா வெள்ளைக் குதிரை வெள்ளை இல்லை."

அண்ணன் விடவில்லை. அப்படியானால் குதிரையின் வெள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டார். துறவி சட்டென்று கையைத் தட்டினார், நல்ல கேள்வி என்று பொருள். இருவரும் அரைகுறை இந்தியில் கால் மணி நேரம் மோதினார்கள். முப்பது வருடம் கள்ள நோட்டைத் தடவிப் பிடித்த மனிதர். தோற்றம் வேறு பொருள் வேறு என்பது அவருக்குப் புதிதில்லை.

இந்தத் தர்க்கத்தின் மூல நூல்களை எழுதியவர்கள் திக்நாகரும் தர்மகீர்த்தியும். தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் இங்கே படிக்கும் ஐந்து பெருநூல்களில் ஒன்று. திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நம் மணிமேகலையும் காஞ்சியில்தான் அறவண அடிகளிடம் அளவை இலக்கணம் கேட்கிறாள். அந்தக் காதையில் வரும் பக்கமும் ஏதுவும் திட்டாந்தமும் திக்நாகர் வழி வந்த நியாயப்பிரவேச நூலை ஒட்டியவை என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அது தேர்வுக்குப் படித்து மறந்த காதை. காஞ்சியில் பேசிய ஒன்று பனிமலைக்கு ஏறி, அங்கே உயிரோடு இருந்து, துரத்தப்பட்டு, காவிரிக்கரை வரைக்கும் இறங்கி வந்து, நாள்தோறும் மாலையில் கைதட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து காஞ்சிபுரம் ஒரு பகல் பயணம்.

திபெத்திலிருந்து இப்போது மாணவர்கள் வருகிறார்களா என்று அந்தத் துறவியிடம் கேட்டேன். 2008-க்குப் பிறகு எல்லை இறுகிவிட்டது, அநேகமாக யாரும் வருவதில்லை என்றார். லடாக், அருணாசலம், நேபாளம், பூட்டான். இனி மடங்களை நிரப்புவது அவர்கள்தான். இவரிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது. பாஸ்போர்ட்டும் இருக்கிறது. இவருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரிடம் இரண்டும் இல்லை.

வேனுக்குத் திரும்பும்போது துபாரேயின் பேச்சு எழுந்தது. யானையைக் குளிப்பாட்டுவது காலையில் மட்டும்தான் என்று டிரைவர் அலுப்போடு சொன்னார், காலையிலேயே சொல்லியிருக்கலாம். காப்பிப்பொடிக்கு மட்டும் பாலம் தாண்டிக் குஷால்நகர் போய்வந்தோம். ஆளுக்கு ஒரு கிலோ, அண்ணனுக்கு மூன்று. ஹுன்சூர் தாண்டும்வரை வண்டியில் தூக்கம். அப்புறம் மேலாளர் முன் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இந்த ஸ்வெட்டர் வியாபாரத்துக்கு நாம ஒரு சீசன் லோன் போட்டா என்ன? மண்டல ஆபீசுக்கு ஒரு நோட் ரெடி பண்ணேன்."

விவசாய அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து போனில் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். தொழில், காலம், தொகை, திருப்பிச் செலுத்தும் முறை எல்லாம் வந்தது. ஓரிடத்தில் நிறுத்தினார்.

"செக்யூரிட்டின்னு ஒரு காலம் இருக்கு சார். அதுல என்ன எழுத?"

"லூதியானாக்காரன் என்ன எழுதறானோ அதை எழுது."

"அவரு பேரும் தொகையும்தான் சார் எழுதறாராம்."

"ஃபார்மில் அதுக்குத் தனியா காலம் இருக்கே" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.